பல்லே இல்லாத வாயில் இம்பிளாண்ட் ஸ்கேன்: முதன்முறை எடுப்பவர்களுக்கு

ஒற்றைக் கிரவுனுக்கு ஸ்கேன் எடுத்துப் பழகியவருக்குப் பல்லே இல்லாத வாயில் முதன்முதலாக ஸ்கேனரை வைக்கும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும். எலும்பில் பதித்த செயற்கை வேர்களான இரண்டு இம்பிளாண்டுகளுக்கு நடுவில் வெறும் ஈறு வருகிறது. ஓடிக்கொண்டிருந்த படம் அங்கே நின்றுவிடுகிறது. பின்னால் போய், விட்ட இடத்தைப் பிடித்து, மறுபடி தாண்டப் பார்க்கிறோம். ஒருவழியாக முடித்த பிறகு திரையில் இளஞ்சிவப்பு ஈறும் அதன்மேல் நிமிர்ந்து நிற்கும் ஸ்கேன் பாடிகளும் (இம்பிளாண்டின் இடத்தைக் காட்டப் பொருத்தும் சிறு தூண்கள்) அழகாகத் தெரியும். அந்த அழகை நம்பி ஃபைலை லேபுக்கு அனுப்பிவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. நானும் அதைச் செய்திருக்கிறேன்.

மேல்தாடையில் ஆறு இம்பிளாண்ட் வைத்த ஒருவர். ஸ்கேன் சுத்தமாக வந்திருந்தது. அந்த ஃபைலிலிருந்தே, ஆறு இம்பிளாண்டையும் இணைத்துப் பற்களைத் தாங்கும் டைட்டானியம் பார் கடைந்து வந்தது. வாயில் வைத்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முறுக்கினேன். எல்லாம் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. கடைசி ஸ்க்ரூவுக்கு வரும்போது அவர் கையை உயர்த்தினார். "டாக்டர், மேல்தாடை முழுசையும் யாரோ சேர்த்துப் பிடிச்சு இறுக்குற மாதிரி இருக்கு" என்றார். எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு வலது கோடியில் இருந்த ஒன்றை மட்டும் முறுக்கினேன். இம்பிளாண்டின்மேல் முறுக்கியிருக்கும் இணைப்புத் துண்டு, அதாவது அபட்மென்ட், அதை விட்டு பாரின் இடது கோடி எழும்பி நின்றது. ப்ரோப் என்ற மெல்லிய கருவியின் முனை அந்த இடைவெளிக்குள் நுழைந்தது. முதலில் எல்லாம் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம், ஆறு ஸ்க்ரூவும் சேர்ந்து பாரை அபட்மென்டுகளோடு இழுத்துப் பிடித்திருந்ததுதான். பாரை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. அந்த நோயாளிக்கு வீண் அலைச்சல்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் படிகள் எல்லாம் அந்த எழும்பிய முனையை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்காகத்தான்.

ஏன் இவ்வளவு துல்லியம் வேண்டும்

இயற்கைப் பல்லைச் சுற்றி ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கிரவுனோ பிரிட்ஜோ கொஞ்சம் தப்பாக இருந்தால் பல் லேசாக நகர்ந்து இடம் கொடுக்கும். அழுத்தம் வந்தால் பல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைகூட அசையும். எலும்போடு ஒட்டிப்போன இம்பிளாண்டுக்கு அந்தப் படலம் கிடையாது. அது அசைவது சில மைக்ரான்தான். ஆகவே இம்பிளாண்டுகளின்மேல் உட்காரும் ஃப்ரேமில் இருக்கும் தவறு எங்கும் கரையாது. ஸ்க்ரூவிலும் ஃப்ரேமிலும் எலும்பிலும் நிரந்தர இழுவிசையாகத் தங்கிவிடும். ஸ்க்ரூ தளர்வது, ஸ்க்ரூ உடைவது, மேல்பூச்சு செதில் செதிலாகப் பெயர்வது எல்லாம் இதன் தொடர்ச்சி. எலும்புத் தேய்மானத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நேரடியாக நிறுவப்படவில்லை. ஆனால் இயந்திரக் கோளாறுகளுக்கு உள்ள தொடர்பில் சந்தேகம் இல்லை.

எவ்வளவு தவறு வரை பொறுக்கலாம்? இம்பிளாண்ட் முன்னோடி பிரோனமார்க் 1983-ல் 10 மைக்ரான் என்றார். 1991-ல் ஆய்வாளர் யெம்ட் 150 மைக்ரானுக்குள் இருந்தால் நீண்டகாலத் தொல்லை வராது என்ற அளவை முன்வைத்தார். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். 150-ஐயே எல்லையாக வைத்தாலும் இரண்டு முடி அளவுதான் நம் கையில் இருக்கிறது. அதற்குள் ஸ்கேன் தவறும், கடையும் இயந்திரத்தின் தவறும், ஸ்கேன் பாடியின் உற்பத்தித் தவறும் எல்லாம் அடங்கியாக வேண்டும். ஸ்கேனுக்கு மட்டும் அந்த முழு அளவையும் செலவழித்துவிட முடியாது.

தவறு எங்கிருந்து வருகிறது

வாய்க்குள் வைக்கும் ஸ்கேனர் தாடையை ஒரே பார்வையில் பார்ப்பதில்லை. சிறுசிறு சட்டங்களாகப் படமெடுத்து, அடுத்தடுத்த சட்டங்களில் பொதுவாக இருக்கும் பகுதியை வைத்து ஒன்றோடொன்று ஒட்டுகிறது. தரையில் டைல்ஸ் பதிப்பதை நினைத்துப் பாருங்கள். முதல் டைல் நூல் அளவு சாய்ந்தால் பக்கத்து டைலில் அது தெரியாது. அறையின் மறுகோடியில் விரலளவு இடைவெளியாக நிற்கும். முழுத்தாடை ஸ்கேனில் தவறு தொடங்கிய இடத்தில் குறைவாகவும் முடிந்த கோடியில் அதிகமாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். இரண்டு கடைவாய்களுக்கு இடைப்பட்ட தூரம்தான் முதலில் கெடும்.

பல் இருக்கும் வாயில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முகம் உண்டு. குழியும் மேடும் பார்த்து மென்பொருள் ஒட்டிவிடும். ஈறோ வழவழப்பானது, எச்சிலில் பளபளக்கிறது, தொட்டால் நகர்கிறது. போதாததற்கு ஸ்கேன் பாடிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மூன்றாவது ஸ்கேன் பாடியை நான்காவது என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்றைப் பதித்துவிடுவதும் நடக்கிறது. அப்படி நடந்தால் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சமாகச் சரிவதுதான் ஆபத்து.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும். துல்லியம் என்று பொதுவாகச் சொல்வதை ஐஎஸ்ஓ 5725 தரநிலை இரண்டாகப் பிரிக்கிறது. உண்மையான அளவுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்பது ஒன்று. அதை ட்ரூனஸ் என்பார்கள். மறுபடி மறுபடி எடுத்தால் அதே அளவு வருகிறதா என்பது மற்றொன்று. அது ப்ரெசிஷன். எப்போது நிறுத்தாலும் 50 கிராம் கூடக் காட்டும் தராசு ஒன்று இருந்தால் அதன் ப்ரெசிஷன் பிரமாதம், ட்ரூனஸ் மோசம். நோயாளியின் வாயில் இரண்டு முறை ஸ்கேன் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் ப்ரெசிஷன் மட்டும்தான் தெரியும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஏதோ தவறு என்பது உறுதி. இரண்டும் பொருந்தினால் சரி என்று அர்த்தம் ஆகாது. ஒரே தவறை ஸ்கேனர் இரண்டு முறையும் செய்திருக்கலாம்.

நோயாளி உட்காரும் முன்

ஸ்கேனரைக் காலிபரேட் செய்யுங்கள். முழுத்தாடை வேலை என்றால் அன்றைக்கே, அதே அறையில் செய்வது என் பழக்கம். அறையின் வெப்பநிலை மாறினால் அளவும் மாறும். மென்பொருளில் பல் இல்லாத தாடைக்கென்று தனி முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கன்னம், நாக்கு, விரல் ஆகியவற்றைத் தானாக அழித்துவிடும் வசதி சில ஸ்கேனர்களில் இருக்கிறது. பல் இல்லாத வாயில் அது ஈறையும் கன்னம் என்று நினைத்து வெட்டிவிடும். அதை அணைத்துவிடுங்கள். முதல் நாளே இது தெரிந்திருந்தால் நிறைய நேரம் மிச்சமாகியிருக்கும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வெளிச்சமும் முக்கியம். நாற்காலி விளக்கை வாய்க்குள் நேராக அடிக்காதீர்கள். அறை விளக்கு எரியலாமா என்பது ஸ்கேனருக்கு ஸ்கேனர் மாறுகிறது. உங்கள் ஸ்கேனரின் கையேட்டில் உள்ளதைப் பின்பற்றுங்கள்.

அப்புறம், யாருக்கு எடுக்கலாம் என்ற கேள்வி. அறுவைக் காயம் முழுதாக ஆறியிருக்க வேண்டும். இம்பிளாண்டுகளுக்கு இடையில் அசையாத, எலும்போடு ஒட்டிய ஈறு இருந்தால் வேலை சுலபம். தளதளவென்று ஆடும் ஈறு, ஆழமாகப் புதைந்த இம்பிளாண்ட், இரண்டுக்கும் நடுவே பெரிய வெற்றிடம் மூன்றும் ஒரே வாயில் சேர்ந்தால் வெறும் ஸ்கேனரை நம்பி இறங்க வேண்டாம். பல இம்பிளாண்டுகளின்மேல் ஒரே ஃப்ரேம் பொருத்த உதவும் மல்ட்டி யூனிட் அபட்மென்ட் முன்கூட்டியே போட்டு, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கி, எக்ஸ்ரே பார்த்திருக்க வேண்டும். ஸ்கேன் எடுத்த பிறகு அபட்மென்ட் ஒன்று இன்னும் கால் சுற்று உள்ளே போனால் எடுத்த ஸ்கேன் வீண்.

மூன்று ஸ்கேன், இந்த வரிசையில்

முதலில் நோயாளி தற்போது போட்டிருக்கும் தற்காலிகப் பல் செட்டை வாயில் இருக்கும்போதே ஸ்கேன் எடுங்கள். எதிர்த்தாடையையும் கடியையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். முகத்தின் செங்குத்து உயரம் அந்தச் செட்டில்தான் இருக்கிறது. அதைக் கழற்றிய நொடியிலிருந்து அந்த உயரம் நம்மிடம் இல்லை. பல் செட்டைக் கழற்றிய பின் அதை வெளியில் வைத்துச் சுற்றிலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஈறு ஸ்கேன். கழற்றியவுடன் சீக்கிரமாக எடுங்கள். நேரம் போகப் போக அபட்மென்டைச் சுற்றியுள்ள ஈறு சரிந்து மூடிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் ஸ்கேன் பாடி ஸ்கேன். மூன்றையும் லேபில் ஒன்றுசேர்க்க எல்லாவற்றிலும் மாறாத பொதுவான ஒரு பகுதி தேவை. மேல்தாடையில் அண்ணத்தின் முன்பகுதி மடிப்புகள் அதற்கு நன்றாக உதவும். அவற்றை விடாமல் மூன்றிலும் எடுங்கள். கீழ்த்தாடையில் அப்படி ஒன்றும் கிடையாது. அதனால்தான் கீழ்த்தாடை கஷ்டம்.

ஸ்கேன் பாடியைப் பொருத்துவது

இதை நிதானமாகச் செய்யுங்கள். ஸ்கேன் பாடி என்பது ஒரு சுட்டுவிரல் மாதிரி. எலும்புக்குள் இம்பிளாண்ட் எங்கே, எந்தச் சாய்வில் இருக்கிறது என்று அது காட்டுகிறது. விரல் கோணினால் காட்டும் இடமும் தப்பு. அபட்மென்டின் மேல்முகத்தைத் துடைத்து, காற்றடித்து, ரத்தமோ ஈறின் ஓரமோ அடியில் சிக்கவில்லை என்று பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன டார்க்குக்கு மேல் ஒரு துளியும் முறுக்காதீர்கள். பெரும்பாலான ஸ்கேன் பாடிகள் பீக் என்ற பாலிமரால் ஆனவை. அதிகம் முறுக்கினால் நசுங்கிக் கீழே இறங்கும். பலமுறை ஆட்டோகிளேவில் போனாலும் தேயும். எத்தனை முறை பயன்படுத்தினோம் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான முகம் ஸ்கேனர் சுலபமாகப் பார்க்கும் பக்கம் திரும்பியிருக்கட்டும். பிறகு எக்ஸ்ரே. அடியில் கறுப்புக் கோடு தெரிந்தால் கழற்றி மறுபடி வையுங்கள்.

நடுவே வெறும் ஈறு நீளமாக இருந்தால் அங்கே அடையாளம் உண்டாக்குங்கள். ஒட்டிய ஈறை நன்றாக உலர்த்தி, வழியும் தன்மையுள்ள காம்போசிட்டால் வெவ்வேறு வடிவப் பொட்டுகள் வைக்கலாம். ஸ்கேன் பாடிகளை ஒன்றோடொன்று ஃப்ளாஸ் நூலும் ரெசினும் கொண்டு இணைப்பவர்களும் உண்டு. பக்கவாட்டில் நீண்டு, அடுத்ததை எட்டிப் பார்க்கும் கைகள் கொண்ட ஸ்கேன் பாடிகளும் இப்போது வந்திருக்கின்றன. மூன்றின் நோக்கமும் ஒன்று: ஒரு இம்பிளாண்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஸ்கேனரின் பார்வையில் எப்போதும் மாறாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

ஸ்கேனரை ஓட்டுவது

கன்னத்தையும் உதட்டையும் ரிட்ராக்டர் போட்டு விலக்குங்கள். எச்சிலை உறிஞ்ச உதவியாளர் பக்கத்திலேயே நிற்கட்டும். கீழ்த்தாடை என்றால் நோயாளியை வாய் பிளக்கத் திறக்கச் சொல்லாதீர்கள்; அகலமாகத் திறந்தால் தசை இழுத்து எலும்பே லேசாக உள்நோக்கி வளையும். ஸ்கேனர் நுழையும் அளவு திறந்தால் போதும்.

ஒரு கடைவாயில் தொடங்கி, மேற்பரப்பு வழியாக மறு கடைவாய் வரை போய், உள்பக்கமாகத் திரும்பி வந்து, வெளிப்பக்கத்தை முடிப்பது பரவலான பாதை. உங்கள் ஸ்கேனரின் தயாரிப்பாளர் வேறு பாதை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அந்த மென்பொருள் அந்தப் பாதைக்காகச் சீரமைக்கப்பட்டது. எது எடுத்தாலும் ஒரே வீச்சில், ஒரே வேகத்தில், ஒரே தூரத்தில். ஒவ்வொரு ஸ்கேன் பாடியையும் சுற்றி வரும்போது ஸ்கேனரைச் சடாரென்று திருப்பாமல் உருட்டுங்கள்.

ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி அங்கே மட்டும் மறுபடி எடுக்கும் ஆசை வரும். சிறிய ஓட்டை, அதுவும் ஈறில் என்றால் சரி. ஸ்கேன் பாடியின் மேலேயே விழுந்தால் முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எடுங்கள். வெட்டி ஒட்டுவது கூடக் கூடத் துல்லியம் குறைகிறது. மூன்று முறை முயன்றும் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த வாய் ஸ்கேனுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். மேலே திறப்புள்ள ஓப்பன் ட்ரேயில், இம்பிளாண்டின் இடத்தை அச்சில் பிடிக்கும் கோப்பிங்குகளை ரெசினால் இணைத்து, பழைய முறையில் அச்செடுங்கள். அது தோல்வி ஆகாது. முழுத்தாடைக்கு இன்றைக்கும் எல்லாரும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் அந்த அச்சுதான்.

திரையில் பார்க்க வேண்டியவை

நிறத்தை அணைத்துவிட்டு ஒற்றை நிறத்தில் பாருங்கள். நிறம் பல குறைகளை மறைத்துவிடும். ஸ்கேன் பாடியின் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா, எங்காவது இரட்டை விளிம்பு தெரிகிறதா, தட்டையான முகம் மேடுபள்ளமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சுற்றிப் பாருங்கள். அதன்பின் லைப்ரரிப் பொருத்தம். மென்பொருளில் உள்ள ஸ்கேன் பாடியின் வடிவத்தை நாம் எடுத்த வடிவத்தின்மேல் அமர்த்துவார்கள். தவறான லைப்ரரியைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கேன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இம்பிளாண்ட் வேறு இடத்துக்குப் போய்விடும். டெக்னீஷியனுக்கு எழுதும் குறிப்பில் இம்பிளாண்டின் பெயர், அபட்மென்டின் வகை, ஸ்கேன் பாடியின் மாடல் எண் மூன்றையும் எழுதுங்கள். "அவருக்குத் தெரியும்" என்று விட்டுவிடாதீர்கள்.

ஜிக், அதாவது வாயில் சரிபார்ப்பது

இதுவரை செய்தது எல்லாம் தவறைக் குறைப்பதற்கு. தவறு இருக்கிறதா என்று சொல்வது ஜிக், அதாவது எல்லா அபட்மென்டையும் இணைத்துப் பொருத்திப் பார்க்கும் விறைப்பான சோதனைச் சட்டம், மட்டும்தான். இதைத் தவிர்த்துவிட்டு டைட்டானியமோ ஸிர்கோனியாவோ கடையச் சொல்லாதீர்கள்.

வாயிலேயே செய்வதற்கு எல்லா அபட்மென்டிலும் தற்காலிக சிலிண்டர்களை முறுக்கிப் பொருத்துங்கள். லேபில் முன்பே செய்த ரெசின் துண்டுகளை நடுவில் வைத்து, இடையில் மெல்லிய இடைவெளி மட்டும் மிச்சம் வையுங்கள். அந்த இடைவெளியை மட்டும் பேட்டர்ன் ரெசினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டு நிரப்புங்கள். ரெசின் இறுகும்போது சுருங்கும். நிரப்பும் அளவு சிறிதாக இருந்தால் சுருக்கமும் சிறிது. அவசரப்பட்டுக் கழற்றாமல் முழுதாக இறுகும் வரை காத்திருங்கள். இந்த ஜிக்கை லேபின் மேசை ஸ்கேனரில் எடுத்து, வாய் ஸ்கேனோடு ஒப்பிட்டால் எந்த இம்பிளாண்ட் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.

இன்னொரு வழி, வாய் ஸ்கேனிலிருந்தே விறைப்பான ஒரு சோதனைப் பார் செய்து வாயில் வைத்துப் பார்ப்பது. விறைப்பு என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். மெல்லிய ரெசினில் அச்சிட்ட மாதிரிப் பல் செட் வளைந்து கொடுத்து உட்கார்ந்துவிடும், தவறை மறைத்துவிடும். அது அழகும் கடியும் பார்க்கத்தான்.

சோதனை செய்வது இப்படி. ஜிக்கை வைத்து, ஒரு கோடியில் உள்ள ஸ்க்ரூவை மட்டும் முறுக்குங்கள். மறுகோடியைப் பாருங்கள். ஈறுக்கு அடியில் இருந்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் எக்ஸ்ரே எடுங்கள். கதிர் அபட்மென்டின் நீள அச்சுக்குச் செங்குத்தாக விழ வேண்டும், சாய்ந்தால் இடைவெளி மறைந்துவிடும். எழும்பவில்லை என்றால் கழற்றி, மறுகோடியிலிருந்து அதையே செய்யுங்கள். பிறகு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக, முதல் எதிர்ப்பு விரலில் தெரியும் வரை முறுக்கி அங்கிருந்து இறுகும் வரை எண்ணுங்கள். அரைச் சுற்றுக்குள் இறுகிவிட வேண்டும். அதற்கு மேல் சுற்றினால் ஸ்க்ரூ எதையோ இழுத்து உட்கார வைக்கிறது. நோயாளியின் வார்த்தையையும் கேளுங்கள். "இறுக்குது" என்று அவர் சொன்னால் அதற்குக் காரணம் தேடுங்கள்.

எழும்பினால் ஜிக்கை அந்த இடத்தில் வெட்டி, எல்லாத் துண்டுகளையும் அதனதன் அபட்மென்டில் முறுக்கி, வாயிலேயே மறுபடி இணையுங்கள். பிறகு இணைத்த ஜிக்தான் அளவு. இம்பிளாண்டின் இடத்துக்கு ஜிக், ஈறுக்கும் கடிக்கும் வாய் ஸ்கேன் என்று டெக்னீஷியனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஃபோட்டோகிராமெட்ரி

முழுத்தாடை வேலை அடிக்கடி வருகிறது என்றால் இதைப் பற்றியும் யோசிக்கலாம். புள்ளிகள் பதித்த சிறு கொடிகளை இம்பிளாண்டுகளின்மேல் பொருத்துவோம்; வாய்க்கு வெளியே வைக்கும் கேமரா பல புள்ளிகளை ஒரே பார்வையில் பிடித்து இடத்தைக் கணக்கிடுகிறது. ஒட்டுவதே இல்லை என்பதால் டைல்ஸ் பிரச்சினை இங்கே வராது. எச்சிலும் ஈறும்கூடத் தொந்தரவு தருவதில்லை. ஆனால் ஈறை அது பார்க்காது. ஈறுக்கு வாய் ஸ்கேன் தனியாக எடுத்துச் சேர்க்க வேண்டும். அந்தச் சேர்க்கையில் தவறு வரலாம். இதை வாங்கிவிட்டால் ஜிக் வேண்டாமா என்று கேட்பார்கள். நான் இதிலும் ஒற்றை ஸ்க்ரூ சோதனையை விடுவதில்லை.

ஜிக் சரியாக உட்கார்ந்த நாளில் நோயாளியின் குறிப்பில் ஸ்கேனரின் மென்பொருள் பதிப்பு, ஸ்கேன் பாடியின் மாடல், முறுக்கிய டார்க், எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். ஜிக்கைத் தூக்கிப் போடாதீர்கள். பெயரும் தேதியும் எழுதிய டப்பாவில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். சில வருடம் கழித்து அவர் பிரிட்ஜ் உடைந்து வந்தால், அந்த ஜிக் வாயில் இன்னும் சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பதிலிருந்துதான் வேலை தொடங்கும்.